எழுத்தில் மூடிய இட்லிக்கடை

ஓர் உணவுக்கடையைச் சுகாதார ஆய்வாளர் முன்னறிவிப்பு இல்லாமல் சோதிக்கலாம். பானையைத் திறந்து பார்க்கலாம், மாதிரி எடுக்கலாம், கெட்டுப்போனதைக் கொட்டச் சொல்லலாம். ஆனால் கடையை மூடச் சொன்னால் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். கடைக்காரர் தரப்பையும் கேட்க வேண்டும். விதி அப்படித்தான் சொல்கிறது. தல்லாகுளத்து அலுவலகம் ஒன்றில் கோப்புகளுக்கு நடுவே தலை நரைத்து ஓய்வு பெற்றவன் நான். விதிக்கும் நடப்புக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று அளப்பது என் பழைய பொழுதுபோக்கு.

பங்குனியில், பழங்காநத்தத்தில் எங்கள் தெருவில் நாலைந்து வீடுகளில் வாந்திபேதி. அவர்களில் பாதிப் பேர் தெருமுனை இட்லிக்கடையில் சாப்பிடுகிறவர்கள். கடையை ஓர் அம்மாள் தனியாக நடத்துகிறார். நான் அங்கே தினசரி வாடிக்கை. ஒருநாள் காலை என் தட்டில் இட்லி பாதியில் இருக்கும்போது மாநகராட்சிச் சுகாதார ஆய்வாளர் பைக்கில் வந்து இறங்கினார். மாவை முகர்ந்தார். சட்னி வாளியைச் சாய்த்துப் பார்த்தார். பையிலிருந்து சிறு குப்பியை எடுத்துக் குழாய்த் தண்ணீரில் சில சொட்டுகள் விட்டார். குளோரின் இருந்தால் தண்ணீர் மஞ்சளாக வேண்டும். ஆகவில்லை.

“நாளையில இருந்து கடை போட வேணாம்க்கா.”

“எம்புட்டு நாளைக்கு?” என்றார் அம்மாள்.

“சொல்றேன்.”

நான் சும்மா இருப்பேனா? “அதை எழுதிக் குடுக்கணுமே சார்?”

ஆய்வாளர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பென்சன்காரர்களை அவர் நிறையப் பார்த்திருக்க வேண்டும். “எழுதலாம்ண்ணே. வாயால மூடுனா வாயாலயே தொறந்துருவேன். எழுதுனா ஃபைல் மேல போயிரும். அப்புறம் மேல இருந்துதான் இறங்கணும்.”

எந்த விதிப்புத்தகத்திலும் இல்லாத நியாயம். எனக்கு ஆர்வம் பற்றிக்கொண்டது. வாய்மொழி உத்தரவை எதிர்த்து எங்கே மேல்முறையீடு செய்வது? இல்லாத காகிதத்துக்கு என்ன எண் போடுவது? நான் யோசித்து முடிப்பதற்குள் அம்மாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

“எழுதியே குடுங்க தம்பி. என் மாவுல கோளாறா, உங்க தண்ணியில கோளாறான்னு அதுல தெரியட்டும். வாந்திபேதிக் கடைன்னு பேரு வாங்கிட்டு நான் யாருக்கு இட்லி விக்கிறது?”

ஆய்வாளர் எழுதினார். மாவிலும் சட்னியிலும் தண்ணீரிலும் மாதிரி எடுத்தார். தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. “அண்ணே, அந்த ஈடு இட்லியையும் லேபுக்குத் தூக்கிட்டுப் போயிராதீங்க, எனக்கு நாலு வேணும்,” என்றார் ஆட்டோக்காரர் ஒருவர்.

மறுநாள் ஆய்வாளர் மீண்டும் வந்தார். அவர் கூடவே நடந்தேன். எனக்கு வேறென்ன வேலை? முதல் வீட்டை விட்டுவிட்டு, குழாய் முடிகிற கடைசி வீட்டுக்குப் போனார். “கடைசி வீட்டுல மஞ்சள் வந்தா தெரு பூரா வந்த மாதிரிண்ணே.” வரவில்லை. அங்கிருந்து வீடு வீடாகப் பின்னோக்கிச் சொட்டு விட்டுக்கொண்டே வந்தார். தெருவின் பாதியில், குழாய் சாக்கடையைக் கடக்கிற இடத்தைத் தாண்டியதும், ஒரு வீட்டுத் தண்ணீர் பளிச்சென்று மஞ்சளானது. சாக்கடைக்கு அந்தப் பக்கம் குளோரின் இருந்தது. கடை இருக்கும் இந்தப் பக்கம் இல்லை.

“அப்ப நோட்டீஸ் விடுங்க,” என்றேன்.

“யாருக்கு?”

“குழாய் யாரோடதோ அவங்களுக்கு.”

“அது எங்க இன்ஜினியர் செக்‌ஷன்ண்ணே.” சிரித்தார். “நான் எந்தக் கடைக்குள்ளயும் நுழையலாம், பூட்டும் போடலாம். எங்க ஆபீஸ் மாடிப்படி ஏறிட்டா வெறும் ‘பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்’தான். நீங்க குறைதீர் கூட்டத்துல ஒரு மனு போடுங்க. உங்க மனுவுக்கு நம்பர் விழும். என் லெட்டருக்கு யாரு நம்பர் போடுறா?”

ஓர் அதிகாரத்தின் எல்லைக்கோடு மாடிப்படியில் ஓடுவதை நான் அன்றுதான் தெரிந்துகொண்டேன். மனுவை இணைப்புகளோடு, வரைபடத்தோடு எழுதினேன். எனக்கு இதில் இருக்கும் சந்தோஷத்தை என் மனைவி வியாதி என்பார். கடை மூடிய உத்தரவை ரத்து செய்யக் கோரி அம்மாளின் கையெழுத்தையும் அதில் வாங்கினேன். மனுவுக்கு எண் விழுந்தது. சீக்கிரமே ஆட்கள் வந்து தோண்டினார்கள். சாக்கடைக்குள் குழாயின் இணைப்பு விட்டுப்போய், உள்ளே கலந்த கழிவு குளோரினைத் தின்றுகொண்டிருந்தது. மாற்றினார்கள். கடைசி வீட்டிலும் தண்ணீர் மஞ்சளானது.

ஆய்வாளர் நேராக அம்மாளிடம் போனார். “தொறங்கக்கா. தண்ணி சரியாயிருச்சு.”

“பேப்பரு?”

“மேல இருந்து வரணும். எல்லாரையும் திருவிழா டூட்டியில போட்டுட்டாங்க. நீங்க போடுங்க, நான் கண்டுக்க மாட்டேன்.”

“நீங்க கண்டுக்க மாட்டீங்க. இவுக கண்டுக்குவாகளே,” என்று தெருவைக் கைகாட்டினார். “எழுதி மூடுனதை எழுதித் தொறங்க.”

ஆய்வாளர் என் பக்கம் திரும்பினார். இந்த வியாதியை நான்தான் ஒட்டவைத்தேன் என்பதுபோல. நானும் சொல்லிப் பார்த்தேன். “எனக்காகவாவது தொறங்கம்மா.”

“உங்களுக்கென்னண்ணே, பென்சன் வருது. ரொட்டியைத் தின்னுங்க.”

சித்திரைத் திருவிழா வந்தது. ஊர் முழுக்கப் பந்தல் போட்டு மோர் ஊற்றினார்கள். ஆய்வாளர் குப்பியும் கையுமாகப் பந்தல் பந்தலாக அலைந்தார். அம்மாளின் அடுப்பு மட்டும் குளிர்ந்து கிடந்தது. பழைய வாடிக்கையாளர்கள் இரண்டு தெரு தள்ளி வேறு கடைக்குப் பழகிக்கொண்டிருந்தார்கள். அது அவருக்கும் தெரியும். தினமும் வாசலில் நின்று தபால்காரரைப் பார்த்தார். நான் நினைவூட்டல் கடிதம் அனுப்பினேன், பிறகு அதற்கொரு நினைவூட்டல்.

கடைசியில் ஒரே பக்கத்தில் பதில் வந்தது. உணவு மாதிரிகளில் குறை இல்லை, தண்ணீர் மாதிரி குடிக்கத் தகுதியற்றது, குழாய் சரிசெய்யப்பட்டது, கடையை நடத்தலாம். அம்மாள் என்னை இரண்டு முறை உரக்கப் படிக்கச் சொன்னார். இரண்டாம் முறை தெருவுக்குக் கேட்கும்படி. பிறகு அதை லேமினேட் போட்டு வாங்கிவந்து இட்லிப்பானைக்கு மேலே ஆணியடித்து மாட்டினார். அரிசியை ஊறப்போட்டார். அன்று வைகாசி முதல் தேதி.