ஆறு வருட வேலையை மீதி வைத்து வீட்டுக்கு வந்தேன்

அன்பான இறைமக்களே,

இதை எழுத வேண்டும் என்று மூன்று ஆண்டுகளாக நினைக்கிறேன். பேனாவை எடுப்பேன், வைத்துவிடுவேன். நான் பத்தாவது வரை படித்தவன்தான். ஆனால் தயக்கம் அதனால் அல்ல. சாட்சி என்றால் தீராத நோய் தீர்ந்தது, தொலைந்த பிள்ளை திரும்பி வந்தது என்று பெரிய காரியங்களைச் சொல்வார்கள். என் வாழ்வில் அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஒரு வேலையை எப்போது விடுவது என்று தெரியாமல் தவித்தேன். கேட்டேன். பதில் கிடைத்தது. இதைப் போய்ச் சாட்சி என்று எழுதுவதா என்று வெட்கமாக இருந்தது. இனியும் எழுதாமல் இருந்தால் நன்றி கெட்டவன் ஆகிவிடுவேன் என்று இப்போது எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கருங்கல் பக்கம். அரசுப் பேருந்தில் நடத்துனராக இருந்தேன். ஓய்வுக்கு இன்னும் ஏழு ஆண்டுகள் இருந்தபோது என் மனைவி ஸ்டெல்லாவுக்கு வலது கையில் நடுக்கம் வந்தது. எனக்கு அது சோற்றுப் பொதியிலிருந்துதான் தெரிந்தது. டூட்டிக்குப் போகும்போது வாட்டிய வாழையிலையில் சோறும் மீன்கறியும் வைத்து, வாழைநாரால் கட்டித் தருவாள். அவள் போட்ட முடிச்சை அவிழ்க்க முடியாமல் நான் பல்லால் கடித்து இழுத்ததுண்டு. அந்த வருடம் முடிச்சு தானாக அவிழத் தொடங்கியது. ஒரு நாள் குழம்பு பைக்குள் கொட்டி, டிக்கெட் ரோல் எல்லாம் நனைந்துவிட்டது.

என்னோடு ஓட்டுநராக வந்த சுயம்பு கிறிஸ்தவர் அல்ல, அய்யாவழிக்காரர். நாங்கள் பல வருடம் ஒரே வண்டியில் ஓடியவர்கள்.

"ஓய், இன்னைக்கு ஏறினவன் ஒருத்தனும் டிக்கெட்ட கீழ போடல்ல, பாத்தீரா? மோந்து பாத்துட்டு மடியில வச்சுக்கிட்டான்" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து, "ஏட்டி, நாளையிலேருந்து டப்பாவுல வச்சுத் தா" என்றேன். அவள் முகம் மாறிவிட்டது. "நான் கட்டித் தாறது உங்களுக்குப் பிடிக்காம ஆயிட்டா?" என்று கேட்டாள். அப்போதுதான் அந்தக் கையைச் சரியாகப் பார்த்தேன்.

நாகர்கோவிலில் மருத்துவர் நடுக்குவாதம் என்றார். மாத்திரையால் கொஞ்சம் அடக்கி வைக்கலாம், குணமாக்க முடியாது. கையும் காலும் மெல்ல மெல்ல இறுகும். எவ்வளவு சீக்கிரம் என்று யாராலும் சொல்ல முடியாது. திரும்பி வரும் வழியெல்லாம் மருந்துச் சீட்டையே திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "உயிருக்கு ஒண்ணும் இல்லன்னு சொன்னாருல்லா, பின்ன என்ன?" என்று அவள்தான் என்னைத் தேற்றினாள்.

எனக்கு ஸ்டே வண்டி டூட்டி. அருமனைக்கு அப்பால் கடைசி ஊரில் வண்டியை நிறுத்தி, அங்கேயே படுத்து, விடியும்போது முதல் நடை எடுக்க வேண்டும். மகள் பெங்களூரில் நர்சாக இருக்கிறாள். வீட்டில் ஸ்டெல்லா மட்டும்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை டூட்டி முடிந்து வந்தபோது, தலைமுடியை விரித்துப் போட்டபடி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பின்ன முடியவில்லை. தலைவிரி கோலமாகக் கோயிலுக்குப் போக மனமில்லாமல் பூசைக்கும் போகவில்லை. பூசையைத் தவறவிடாதவள். நான் சீப்பை வாங்கிப் பின்னத் தொடங்கினேன்.

"பையப் பிடியுங்க, முடி வலிக்கு. பஸ்ஸுல உள்ள கம்பியாக்கும்னு நெனச்சியளா?" என்றாள்.

சிரித்துக்கொண்டே, வேலையை விட்டுவிடுகிறேன் என்றேன். அவள் சிரிப்பு நின்றது.

"வேண்டாம். நீங்க டூட்டிக்குப் போனா நான் இந்த வீட்டுக்காரி. எனக்காண்டி நீங்க வீட்டுல வந்து இருந்தியன்னா, அன்னையிலேருந்து நான் நோயாளியாக்கும்."

மீதியைப் பின்னி முடித்தேன். பின்னல் கோணலாகத்தான் வந்தது.

அதன் பிறகு எனக்கு நிம்மதி இல்லை. விட்டால் அவள் மனம் உடையும். விடாவிட்டால், நான் இல்லாத நேரத்தில் விழுந்து கிடப்பாளோ என்ற பயம். டிக்கெட் கொடுத்து மீதி கொடுக்க மறந்து திட்டு வாங்கினேன். இப்போதா, இரண்டு வருடம் கழித்தா, அவளுக்கு அறவே முடியாமல் போகும்போதா? ஆண்டவரே, எப்போது என்று மட்டும் சொல்லும் என்று ஜெபித்தேன். அடையாளமும் கேட்டேன். அடுத்த நிறுத்தத்தில் முதலில் ஏறுவது பெண் என்றால் வேலையை விடுகிறேன், ஆண் என்றால் தொடர்கிறேன் என்று ஒரு நாள் மனதுக்குள் பேசிக்கொண்டேன். முதலில் ஏறியது ஒரு பலாப்பழம். யாரோ கீழே நின்று படியில் உருட்டிவிட்டார்கள்.

சுயம்புவிடம் சொன்னபோது அவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டுச் சிரித்தார்.

"உம்ம ஆண்டவரு என்ன டிப்போ டைம் கீப்பரா ஓய், நீரு கேட்ட நேரத்துக்கு விசிலடிக்க? வீட்டுல உள்ளவளுட்ட கேளும்."

"கேட்டாச்சு வேய். வேண்டாம்ங்கா."

"அது உமக்கிட்ட சொல்லியது. ஆண்டவருகிட்ட அவ என்ன கேக்கான்னு உமக்குத் தெரியுமா?"

வண்டியை எடுக்கச் சொல்லி விசிலை ஊதினேன்.

எங்கள் அன்பியத்தில் பக்கத்து வீட்டார் எல்லோரும் வாரம் ஒரு வீட்டில் கூடிச் செபமாலை சொல்வோம். பிறகு ஒவ்வொருவராக வாய்விட்டு மன்றாடுவோம். வெளியே சொல்ல முடியாததை 'என் சிறப்புக் கருத்துக்காக' என்று சொல்லி முடித்துக்கொள்வது வழக்கம். நான் போகும்போதெல்லாம் அப்படித்தான் சொன்னேன். ஸ்டெல்லாவும் அப்படியே சொன்னாள். அன்பியத்தை நடத்தும் ரோசம்மாள் அக்காவுக்கு வாய் சும்மா இருக்காது. "புருசனுக்கும் சிறப்புக் கருத்து, பொண்டாட்டிக்கும் சிறப்புக் கருத்து. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு எதிராட்டு இருந்தா ஆண்டவரு யாருக்க பேச்சக் கேப்பாரு மக்கா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எதிராகத்தான் இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

தவக்காலத்தில் ஒரு வாரம் எங்கள் வீட்டு முறை வந்தது. மன்றாட்டு சுற்றி வந்து ஸ்டெல்லாவிடம் நின்றது. அவள் நடுங்கும் கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள்.

"ஆண்டவரே, இவருக்க வேலைக்கு ஒரு தடையும் வரப்பிடாதுன்னுதான் இதுவரைக்கும் கேட்டேன். இன்னைக்கு மாத்திக் கேக்கேன். எனக்க கையால ஒரு சாயா போட்டுக் குடுக்க முடியும்போதே இவரு வீட்டுக்கு வரணும். கை முடியாம ஆன பொறவு என்னைப் பாக்கதுக்குன்னு வரப்பிடாது. அதுக்கு முன்னயே வரணும்."

'எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்' என்று எல்லோரும் சேர்ந்து பதில் சொல்ல வேண்டும். ரோசம்மாள் அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். 

அவளுக்கு முடியாமல் போகும் நாள் எது என்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவளால் முடிகிற நாட்களைக் காட்டித் தந்தார் ஆண்டவர், அவள் வாயாலேயே. இதைவிடத் தெளிவாக ஒரு மனிதனுக்கு எப்படிச் சொல்ல முடியும்?

வந்தவர்களுக்கு அவளே கட்டஞ்சாயா ஊற்றினாள். தட்டில் தம்ளர்கள் கலகலவென்று அடித்துக்கொண்டன. யாரும் எழுந்து போய் வாங்கவில்லை. அந்த மரியாதைக்காக எங்கள் அன்பியத்தாரை இன்றும் நினைத்து நன்றி சொல்கிறேன்.

பிறகு ஒரு நாள், "என்னிட்ட தனியா சொல்லியிருக்கலாமே பிள்ள" என்று கேட்டேன். "தனியா சொன்னா நீங்க அழுவிய. ஆளுக்கு முன்னன்னா அடக்கிக்கிடுவியல்லா" என்றாள்.

விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்தேன். இன்னும் ஆறு வருடம் இருக்கிறதே, யோசியுங்கள் என்றார் அதிகாரி. யோசித்தாயிற்று என்றேன். கடைசி நாள் சுயம்பு என் கழுத்தில் கிடந்த விசிலைத் தட்டிக் காட்டி, "இத அவளுட்ட குடும். உம்மக் கூப்பிட ஊதட்டும்" என்றார்.

வீட்டுக்கு வந்தேன். அவள் பயந்ததுபோல் நோயாளி ஆகவில்லை. முன்பைவிட அதிகமாக என்னை ஏவினாள். காலையும் மாலையும் அவள் கையால் சாயா. பாதி சிந்தும், மீதி எனக்கு. நான் ஓடிய பேருந்திலேயே இருவரும் கருங்கல் சந்தைக்குப் போனோம். அவள் சன்னலோரம், நான் பக்கத்தில். கல்யாணம் முடிந்து இத்தனை வருடத்தில் அந்தப் பேருந்தில் அவள் பக்கத்தில் நான் உட்கார்ந்ததே இல்லை. "நின்னு நின்னு உங்களுக்கு இருக்கவே தெரியல்ல, ஒதுங்கி இருங்க" என்று முழங்கையால் இடித்தாள்.

இப்படி இரண்டு வருடம். மூன்றாம் வருடம் அவள் கை சாயாப் பாத்திரத்தைத் தூக்க முடியாமல் ஆகிவிட்டது. இப்போது நான்தான் போடுகிறேன். கடுப்பம் போதாது என்பாள், குடித்துவிடுவாள். நான் முழுப் பணிக்காலமும் இருந்திருந்தால், இன்றும் ஏதோ ஒரு கடைசி ஊரில் வண்டிக்குள் படுத்துக் கிடப்பேன். அந்த இரண்டு வருடம் எனக்கு இல்லாமலே போயிருக்கும். எத்தனை சம்பளம் வந்தாலும் அதை வாங்க முடியாது. ஆண்டவருக்கு நன்றி.

எப்போது, எப்போது என்று தவிக்கிறவர்கள் இதை வாசித்தால், நம்பிக் கேளுங்கள். வீட்டில் இருப்பவரின் காது கேட்க, வாய்விட்டுக் கேளுங்கள். பதில் உங்கள் பக்கத்தில் முழங்காலில் நிற்பவர் வாயிலிருந்தும் வரலாம்.

இதை நாலு பேரிடம் சொல்லுங்கள். ஆனால் உள்ளபடி சொல்லுங்கள். ஸ்டெல்லாவுக்குக் குணமாகிவிட்டது என்று இப்போதே சந்தையில் சிலர் சொல்கிறார்களாம். கேட்டுவிட்டு அவள், "அப்பம் இது யாருக்க கை?" என்று நீட்டிக் காட்டினாள். தயவுசெய்து அப்படிச் சேர்க்காதீர்கள். அவள் குணத்தைக் கேட்கவில்லை, காலத்தைக் கேட்டாள். கேட்டதைக் கொடுத்தார் என்று மட்டும் சொல்லுங்கள்.