வெளி மாநிலப் போலீஸும் எங்கள் வீதி ராகேஷும்

மூன்று மாதம் முன்பு ஒரு காலை. அனுப்பர்பாளையத்தில் எங்கள் வீதி முனையில் பேப்பர் வாங்கிக்கொண்டு நின்றேன். ஒரு கார் வந்து நின்றது. உள்ளே நான்கு பேர். அரைகுறை இங்கிலீஷில் ஒருவர் கேட்டார் — "ராகேஷ் வீடு எது?"

கை நீட்டிக் காட்டினேன். சொந்தக்காரர்கள் என்று நினைத்துவிட்டேன்...

ராகேஷ் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். வடக்கிலிருந்து வந்து ஏழு வருஷம். மனைவி சுனிதா அதே கம்பெனியில் செக்கிங். ஐந்தே நிமிஷத்தில் அவனைக் காரில் திணித்துவிட்டார்கள். சுனிதா செருப்புகூடப் போடாமல் பின்னாலேயே ஓடினாள். கார் நிற்கவில்லை.

வந்தது போலீஸா, ரவுடிகளா? அதுகூடத் தெரியாது. அவளைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். எஸ்.ஐ. மரியாதையாக உட்கார வைத்தார். மத்தியானம் வரை யார் யாருக்கோ போன் போட்டார். கடைசியில் அவர் முகம் சுருங்கிப்போனது.

"அவங்க மாநிலத்துப் போலீசுதானுங்க. திருட்டு கேஸாம். நம்மகிட்ட ஒரு வார்த்தை சொல்லோணும், இங்கத்த மாஜிஸ்ட்ரேட் முன்னால நிறுத்தோணும். ரெண்டுமே பண்ணலீங்க."

"அப்போ வண்டியை மறிக்கலாமே சார்?"

"பார்டர் தாண்டிட்டாங்களாம். அதுக்கு மேல நமக்குப் பவர் இல்லீங்க."

சுனிதா அழவில்லை. "அவரு ரெண்டு வருஷமா ஊருக்கே போகலீங்க. அங்க எப்படித் திருடுவாரு?" என்று மட்டும் கேட்டாள்.

பதினோராவது நாள் விட்டுவிட்டார்கள். அவர்கள் தேடியது வேறு ராகேஷ். அப்பா பெயர் வேறு. ஆதார் கார்டு இவன் சட்டைப் பையிலேயே இருந்திருக்கிறது — படித்துப் பார்க்கத்தான் யாருக்கும் பொறுமை இல்லை.

திரும்பி வந்தவனுக்கு வலது கையில் மூன்று விரல்கள் மடங்கவில்லை. கட்டிங் மெஷினைப் பிடிக்க முடியாது. "கை சரியானதும் வாங்க" என்றது கம்பெனி.

மன்னிப்புக் கேட்கப் போனேன். "நீங்க காட்டலைன்னா வேற யாராச்சும் காட்டியிருப்பாங்கண்ணா" என்றான். எனக்கு அது ஆறுதலாக இல்லை.

புகார் கொடுத்தோம். அடித்தது அங்கே, அங்கே போய்க் கேளுங்கள் என்றார்கள் இங்கே. பிடித்தது உங்கள் ஊரில், அங்கேயே கேளுங்கள் என்று எழுதினார்கள் அங்கிருந்து.

மாநில உரிமை பற்றி மேடை போட்டுப் பேசுகிறோம். பேச வேண்டியதுதான். நானும் கை தட்டியவன்தான். ஓர் அரசின் அதிகாரம் எங்கே முடிகிறது என்பதெல்லாம் சட்டப் புத்தகத்தில் தெளிவாகவே இருக்கிறது. ஆனால், ஒரு மனிதனை இழுத்துக்கொண்டு போகும்போது யார் கண்ணுக்கும் தெரியாத எல்லைக்கோடு, அவன் நியாயம் கேட்டு வரும்போது மட்டும் இரண்டு மாநிலப் போலீசுக்கும் எப்படி அவ்வளவு பளிச்சென்று தெரிகிறது?

போன வாரம் சுனிதாவிடம் கேட்டேன் — "பேசாம ஊருக்கே போயிடலாமேம்மா?"

"எந்த ஊருக்குங்கண்ணா? பிடிச்சது இந்த ஊரு, அடிச்சது அந்த ஊரு."