நான்கு சக்கரத்திலும் காற்று இருந்தது

அந்த மூடிகள் சீமையிலிருந்து வந்தன. மலாயாவில், செலாண்டார் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தின் பெரிய துரை, விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பும்போது தன் கறுப்புக் காருக்காக வாங்கி வந்திருந்தார். டயர் வால்வின் முனையில் சாதாரண மூடிக்குப் பதிலாக இதைத் திருகிவிட வேண்டும். காற்று குறைந்தால் உள்ளே இருக்கும் சின்ன ஊதல் விசிலடிக்கும். டிரைவர் மருதமுத்துவைக் கூப்பிட்டு நாலு சக்கரத்துக்கும் மாட்டச் சொன்னார் துரை.

"சத்தம் கேட்டால் நிறுத்திப் பார். எங்கே இருந்தாலும் நிறுத்து" என்றார்.

கொஞ்ச நாள் ஒழுங்காகத்தான் இருந்தது. மழை பிடித்து, தோட்டத்துச் செம்மண் சேறு மூடிகளுக்குள் ஏறியதும் கோளாறு ஆரம்பித்தது. பின்பக்கத்து இடது சக்கரம் காரணமில்லாமல் ஊதும். மருதமுத்து இறங்கிப் போய் உதைத்துப் பார்த்தால் டயர் கல்லு மாதிரி இருக்கும். மூடியைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி மாட்டுவார். இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருக்கும், பிறகு மறுபடியும் ஊதும். "இது பொய் விசிலுங்க துரை, கழட்டிடலாமா?" என்று கேட்டுப் பார்த்தார். துரை ஒத்துக்கொள்ளவில்லை. ஒருநாள் விசிலைச் சட்டை பண்ணாமல் ஓட்டிக்கொண்டு வந்ததற்கு, ஆபீஸ் வாசலில் எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கினார்.

வெள்ளைக்காரர் ஆட்சியை எதிர்த்துக் கம்யூனிஸ்டுகள் காட்டிலிருந்து சண்டையிட்ட அவசரகாலம் கடுமையாக இருந்த சமயம் அது. தோட்டத்துக்கும் பெரிய ரோட்டுக்கும் நடுவே, இரண்டு பக்கமும் மேடு உயர்ந்து காடு குனிந்து பார்க்கிற ஒரு வளைவு உண்டு. காட்டுக்குள் துப்பாக்கியோடு இருந்தவர்களுக்குத் தோதான இடம். அங்கே எந்த வண்டியும் நிற்கக் கூடாது என்று போலீஸ்காரர்கள் சொல்லியிருந்தார்கள்.

தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி கருணாகரனுக்கு மலாக்கா ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்திருப்பதாகச் செய்தி வந்ததும், துரை தன் காரையே கொடுத்து அனுப்பினார். வெள்ளைச் சட்டை போட்டு, முகம் மழித்து, கிராணி முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். சாதாரண நாளில் அதிகம் பேசாத மனிதர் அன்றைக்கு வாய் ஓயாமல் பேசினார்.

"விஜயான்னு வைக்கலாம்னு இருக்கேன் மருதமுத்து. நல்லா இருக்கா?"

"நல்லா இருக்குங்க ஐயா."

வளைவுக்குள் நுழைந்தபோது பின்சக்கரம் ஊதியது.

"நிறுத்தாத. அது எப்பவும் போடுற பொய்தான்" என்றார் கிராணி.

மருதமுத்துவுக்கும் அது தெரியும். ஆனால் திட்டு வாங்கிய கால் தானாகவே பிரேக்கை மிதித்துவிட்டது. ஒரே நிமிஷம், பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று இறங்கி ஓடினார். சக்கரத்தருகே குந்தி வால்வில் காதை வைத்தபோதுதான் மேட்டிலிருந்து வெடிச் சத்தம் கேட்டது. கண்ணாடி நொறுங்கி விழுந்தது. அவர் சக்கரத்தோடு சக்கரமாக ஒட்டிக்கொண்டார். சுட்டவர்கள் போன பிறகும் அவரால் எழுந்திருக்க முடியவில்லை. காதருகே விசில் ஊதிக்கொண்டே இருந்தது. முன் சீட்டிலிருந்து ஏதோ முனகல் வந்தது. விசில் சத்தத்தில் அது சரியாகக் கேட்கவில்லை. மூடியைத் திருகி எடுத்தார். விசில் நின்றது. அப்போது முனகலும் இல்லை.

விசாரணையில் இன்ஸ்பெக்டர் எழுந்து சொன்னார்: நான்கு சக்கரத்திலும் காற்று இருந்தது. மருதமுத்துவும் விசில் கேட்டு வண்டியை நிறுத்தியதை மறைக்காமல் சொன்னார். அவர்மேல் குற்றமில்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

மருதமுத்து தோட்டத்து வேலையை விட்டு, மனைவி பொன்னம்மாவோடு மலாக்கா டவுனில் காஜா பேராங்கில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்தார். மலாய் பேசும் செட்டிக் குடும்பத்து தெய்வானைதான் பக்கத்து வீடு. மருதமுத்து வேறொருவரின் டாக்சியை ஓட்டினார். சாதாரண ரப்பர் மூடி போட்ட வண்டி, ஊதுவதற்கு அதில் ஒன்றும் கிடையாது. ஆனாலும் ஊதியது. செங் போகும் வழியில் கேட்கும், செமாபோக்கில் கேட்கும், சில சமயம் வண்டி வீட்டு வாசலில் நிற்கும்போதே கேட்கும். பின்சீட்டில் இருப்பவர்கள் பேச்சைத் தொடர்ந்துகொண்டிருப்பார்கள். அவர்களுக்குக் கேட்கவில்லை என்பதை அதிலிருந்துதான் அவர் தெரிந்துகொள்வார். பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுவார். எது வந்தாலும் நிறுத்துவதில்லை என்று வைத்துக்கொண்டார். ஒருமுறை ஆயர் குரோ ரோட்டில் நிஜமாகவே காற்றுப் போய், ரிம் தரையில் தேய்ந்து பொறி பறக்கும் வரைக்கும் ஓட்டினார்.

பட்டப்பகலில் டயரோடு காதை ஒட்டிக் குந்தியிருந்தவரைப் பொன்னம்மா பார்த்துவிட்டாள்.

"என்னாங்க, அதுகிட்ட என்ன கேக்குறீங்க?"

"ஒன்னும் இல்ல லா."

"தெய்வானை பயப்படுது. சாம்பிராணி காட்டச் சொல்லுது."

"காட்டு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். பொன்னம்மா நாலு சக்கரத்துக்கும் சாம்பிராணி காட்டினாள். புகை அடங்குமுன்பே அவருக்கு மறுபடி கேட்டது.

பிறகு மலாக்கா ஆபத்து நீங்கிய பகுதி என்று அறிவித்தார்கள். சோதனைச் சாவடிகள் போயின. மெர்டேக்கா என்று சுதந்திரமும் வந்தது. ஊரெல்லாம் புதுக் கொடி பறந்துகொண்டிருந்த அந்த மாதத்தில், ஒரு காலை வேளையில் டாக்சி நிறுத்தத்துக்கு ஒரு பெண் வந்தாள். அவள் கையைப் பிடித்தபடி ஒரு சிறுமி.

"மருதமுத்து அண்ணன் நீங்கதானே? நான் கருணாகரனோட சம்சாரம், சாரதாம்பாள்."

அவர் டாக்சியிலிருந்து இறங்கி நின்றார்.

"விசாரணையில நீங்க சொன்னது எல்லாம் எனக்குத் தெரியும் அண்ணே. அதுக்காக வரல. இப்ப அந்த ரோட்டுல யாரும் போகலாமாம். அவரு கடைசியா இருந்த இடத்த ஒருதடவ பாக்கணும். வேற யாருக்கும் அது சரியாத் தெரியாது."

மாட்டேன் என்றுதான் சொல்ல நினைத்தார். சிறுமி அதற்குள் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

மருதமுத்து வண்டியை எடுத்தார். தோட்டத்து ரோட்டுக்குத் திரும்பியதும் விசில் ஆரம்பித்தது. எப்போதும்போல் பல்லைக் கடித்தார்.

"அம்மா, யாரோ விசிலடிக்கிறாங்க" என்றாள் சிறுமி.

மருதமுத்து கண்ணாடி வழியே பின்னால் பார்த்தார். சாரதாம்பாள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஒன்னும் கேக்கலியே விஜயா."

"கேக்குதும்மா. கீழேருந்து வருது. மாமா, உங்களுக்குக் கேக்கலையா?"

"கேக்குது" என்றார். அந்தச் சொல்லை அவர் இத்தனை வருஷத்தில் யாரிடமும் சொன்னதில்லை. ஆனாலும் நிறுத்தவில்லை. முன்னால் வளைவு தெரிந்தது. ஸ்டீயரிங் இடது பக்கமாக இழுத்தது. இது மனப்பிராந்தி இல்லை, கை நன்றாக உணர்ந்தது. வளைவின் நடுவே வேறு வழியில்லாமல் நின்றார்.

இறங்கிப் பார்த்தால் பின்பக்கத்து இடது டயர் தட்டையாகக் கிடந்தது. ஓர் ஆணி ஏறியிருந்தது. ஆணி குத்திய டயர் சீறும், விசிலடிக்காது. அதையெல்லாம் யோசிக்கிற நிலையில் அவர் இல்லை. அதே மேடு, அதே காடு. அவசரகாலத்தில் பாதுகாப்புக்காக வெட்டியிருந்த புதர் இப்போது ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. உதிரிச் சக்கரத்தை இறக்கினார். ஜாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாரே தவிர, காட்டுக்கு முதுகைக் காட்டிக் குந்த முடியவில்லை.

சாரதாம்பாள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வந்து அவருக்குப் பின்னால், மேட்டைப் பார்த்தபடி நின்றாள்.

"இந்த இடம்தானா அண்ணே?"

"இதுதாம்மா."

"நீங்க சக்கரத்த மாத்துங்க. அந்தப் பக்கத்த நான் பாத்துக்கிறேன்."

அவர் குந்தினார். நட்டுகளைத் தளர்த்தும்போது கண்ணீர் மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. துடைத்துக்கொள்ள அவருக்குக் கை ஒழியவில்லை. சிறுமி ரோட்டோரத்தில் ரப்பர்க் கொட்டைகள் பொறுக்கினாள். சக்கரம் மாட்டி முடியும்வரை சாரதாம்பாள் காட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அதன்பின் முந்தானையில் முடிந்து வைத்திருந்த கற்பூரத்தை எடுத்து, ஒரு கல்லின்மேல் ஏற்றினாள். காற்றில்லாததால் அது நேராக எரிந்து அடங்கியது.

"அவரு என்ன பேசிட்டு வந்தாரு, அன்னைக்கு?"

"பாப்பாவுக்கு விஜயான்னு வைக்கணும்னாரு."

"எனக்குத் தெரியாது" என்றாள் சாரதாம்பாள். "நானாத்தான் வச்சேன்."

திரும்பும் வழியில் சிறுமி தாயின் மடியில் தூங்கிவிட்டாள். செமாபோக்கில் அவர்களை இறக்கிவிட்டு, சீனன் கடைக்குப் போய் டியூபை ஒட்டக் கொடுத்தார். கடைக்காரன் அதைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினான். ஆணித் துளையிலிருந்து குமிழிகள் கிளம்பி வந்தன. காற்று எங்கே போகிறது என்பதைக் கண்ணால் பார்த்தபடி, அவன் ஒட்டி முடிக்கும்வரை மருதமுத்து அங்கேயே நின்றார்.

சத்தம் அவரை விட்டுப் போய்விட்டது என்று சொல்ல முடியாது. அந்த வாரமே செங் போகும்போது கேட்டது. வண்டியை ஓரமாக நிறுத்தி இறங்கினார். நாலு டயரையும் உதைத்துப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"என்னா அண்ணே, பங்ச்சரா?" என்று பின்சீட்டிலிருந்தவர் கேட்டார்.

"இல்ல தம்பி. சத்தம் கேட்டுச்சு, பாத்துட்டு வந்தேன்" என்று சொல்லிவிட்டு, கியரைப் போட்டார்.