சேனாபதி கிழித்த மஞ்சள் தாள்

சேனாபதி 1975 முதல் 2016 வரை, நாற்பத்தொரு ஆண்டுகள், கோபிச்செட்டிப்பாளையத்தில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே உட்கார்ந்து பத்திரம் எழுதியவர். கிரயம், தானம், பாகப்பிரிவினை, உயில் எல்லாம் எழுதினார். சர்வே எண் பிசகிவிட்டது, எல்லையில் கிழக்கும் மேற்கும் மாறிவிட்டது என்று ஒருவரும் அவரிடம் திரும்பி வந்ததில்லை. மனைவி இறந்தபின் டெக்சஸ் மாநிலம் பேர்லேண்டில் மகள் தென்றலின் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். கொண்டுவந்த இரண்டு பெட்டிகளில் ஒன்று முழுக்க டைரிகள்.

நாளுக்கு ஒரு பக்கம். தேதி, திதி, வெயிலா மழையா, யார் வந்தார்கள் என்பதெல்லாம் இருக்கும். பத்திரம் எழுதிய நாளாக இருந்தால் அதன் சாரம் முழுவதும் இருக்கும், கடைசியில் ஒரு வரியும் இருக்கும்: "கட்சிக்காரர் சொற்படி டிராப்ட் கிழிக்கப்பட்டது." 1987இல் ஒரு பாகப்பிரிவினையில், தம்பிக்காரன் பழைய டிராப்டை எடுத்துக்கொண்டுபோய் கோர்ட்டில் நீட்டி, அண்ணனை ஆறு வருடம் அலைய வைத்தான். அன்றிலிருந்து ஃபேர் காப்பி எழுதி முடித்ததும் டிராப்டை எட்டாகக் கிழிப்பதும், இரவில் அந்த வரியை எழுதுவதும் சேனாபதிக்கு வழக்கமாயிற்று. பத்திரத்தின் அடியில் சுபம் என்று போடுவதைப்போல, கை தானே எழுதிவிடும்.

பேர்லேண்டில் பத்திரம் எழுதச் சொல்லி யாரும் வரவில்லை. கார் ஓட்டத் தெரியாதவருக்கு அந்த ஊரில் வாசல்படிதான் எல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மீனாட்சி கோயில் கேன்டீனில், "நீங்க கோபி பக்கமுங்களா?" என்று கேட்டுக்கொண்டே பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் கிட்டுசாமி. அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமைதோறும் காலை ஒன்பது மணிக்கு அவருடைய பிக்கப் டிரக் தென்றல் வீட்டு வாசலில் வந்து நிற்கும்.

கிட்டுசாமி 1984இல் எஞ்சினியராக ஹூஸ்டனுக்கு வந்தவர். 1999இல் வேலையை விட்டுவிட்டு, பேர்லேண்டுக்குத் தெற்கே இருபத்திரண்டு மைலில் நாலு ஏக்கர் வாங்கி முருங்கையும் வாழையும் வெண்டையும் வைத்தார். மனைவி அதற்கு முன்பே ஒன்பது வயது மகன் கிரீஷை அழைத்துக்கொண்டு கலிபோர்னியாவில் ஃப்ரீமான்ட்டுக்குப் போய்விட்டாள். கூட நின்று மண் வெட்டியவர்கள் தம்பியும் தம்பி மனைவி வசந்தாமணியும். 2004இல் ஃப்ரீவேயில் நடந்த விபத்தில் தம்பி இறந்தார். பிள்ளை இல்லாத வசந்தாமணி அங்கேயே, நிலத்தோரத்து மரவீட்டில், தங்கிவிட்டாள். நிலம் கிட்டுசாமி பேரில் இருந்தது. இருபத்துநாலு வருடமாக அதில் குனிந்து நிமிர்ந்தவள் அவள். 2021 பிப்ரவரியில் பனி உறைந்து முருங்கை அத்தனையும் தரையோடு கருகியபோது, வீட்டிலிருந்த கம்பளிகளை எல்லாம் கொண்டுபோய் அடிமரங்களுக்குச் சுற்றி நூற்றுப்பன்னிரண்டில் தொண்ணூற்றேழைப் பிழைக்க வைத்தவளும் அவள்தான்.

2023 மார்ச் 14, செவ்வாய்க்கிழமை. காலை பத்தே முக்கால் மணிக்கு, கிட்டுசாமி நிலத்து வீட்டின் சமையலறை மேசையில் ஒரு மஞ்சள் தாளை வைத்தார்.

"நானே ஒரு உயில் எழுதிப்போட்டேனுங்ணா. சரியா இருக்குதான்னு பாத்துச் சொல்லுங்க."

சேனாபதி கண்ணாடியை மாட்டினார். "என்னப்பா இது, கோழி கிளறுன மாதிரி இருக்குது?"

"எஞ்சினியர் எழுத்துங்ணா. கட்டடம் நிக்குதில்ல, அது போதும்."

"டிராப்ட்ல எதுக்குக் கையெழுத்து? தேதி வேற போட்டிருக்கீங்க."

"எழுதுனா கையெழுத்துப் போட வேண்டாமுங்களா?"

"ரெண்டு சாட்சி முன்னாடி, ஃபேர் காப்பில போடோணும். இதுல போட்டு என்ன ஆகுது?"

மோர் கொண்டுவந்த வசந்தாமணி நின்று பார்த்தாள். "ரெண்டு பேரும் கூடி என்னத்த எழுதறீங்க?"

"உன்னைத் தொரத்தறதுக்குப் பத்திரம்," என்றார் கிட்டுசாமி.

"தாராளமா தொரத்துங்க மாமா. நாளைக்கு வெண்டைக்காய யாரு பறிக்கறாங்கன்னு நானும் பாக்கறேன்." டம்ளர்களை வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனாள்.

தாளில் இருந்தது ஒன்பது வரி. நாலு ஏக்கரும் வீடும் தம்பி மனைவி வசந்தாமணிக்கு. மற்றதெல்லாம் மகன் கிரீஷுக்கு. சேனாபதி நல்ல பேனாவைத் திறந்து, நான்கு எல்லைகளும் விளங்க இரண்டு பக்கத்துக்கு எழுதினார். பாதி எழுதிக்கொண்டிருக்கும்போதே தோட்டத்துத் தண்ணீர் மோட்டார் சத்தம் நின்றது. "ஐயோ, மறுபடியுமா?" என்று கிட்டுசாமி எழுந்து வெளியே போனார். பதினொன்று முப்பத்தைந்துக்கு எழுதி முடிந்தது. சேனாபதி வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு மஞ்சள் தாளை நாலாக, எட்டாகக் கிழித்து, எருக்குழிக்குப் போவதற்காக மூலையில் இருந்த வாளியில் காய்த்தோலோடு போட்டார்.

பத்து நிமிடம் கழித்துக் கையைத் துடைத்தபடி வந்த கிட்டுசாமி புதுத் தாளை எடுத்துப் பார்த்தார். "அடேங்கப்பா, கல்யாணப் பத்திரிகையாட்ட இருக்குது!" மஞ்சள் தாள் எங்கே என்று கேட்கவில்லை. பேனாவை எடுத்தார்.

"பொறுங்க. செவ்வாக்கெழமை, பத்து மணிக்கு மேல அஷ்டமி வேற. வெள்ளிக்கெழமை கோயில்ல வெச்சு, ரெண்டு சாட்சியோட போட்டுக்கலாம்."

"நீங்க சொன்னாச் சரிங்ணா." பேனாவை மூடி வைத்தார்.

வியாழக்கிழமை காலை ஏழு இருபதுக்கு, முருங்கை மூன்றாம் வரிசையில் கிட்டுசாமி விழுந்து கிடந்ததை வசந்தாமணி பார்த்தாள். கையில் அரிவாள் இருந்தது, வெட்டிய கீரைக்கட்டு நெஞ்சுக்கடியில் இருந்தது. உயிர் இல்லை.

காரியங்கள் முடிந்த அன்று, கோயில் கூடத்தில் சேனாபதி கையெழுத்தில்லாத இரண்டு பக்கங்களைக் கிரீஷிடம் கொடுத்தார். அவனுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. தமிழ் வாசிக்க வராது. சேனாபதியே வாசித்துக் காட்டினார்.

"அங்கிள், இது அப்பா ஹேண்ட்ரைட்டிங் இல்லையே?"

"என் எழுத்து தம்பி. சொன்னது அவரு."

"சைன் எங்க?"

"வெள்ளிக்கெழமை போடறதா இருந்துது தம்பி."

"அப்பா கைப்பட எழுதின பேப்பர் ஒண்ணு காட்டுங்க, நானே சித்திக்கு எழுதிக் குடுத்துடறேன். அவர் எங்கிட்ட இதைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னதில்ல. நீங்க எழுதினதை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

தென்றல் தேடிப்பிடித்த வக்கீல் ஷ்ரேயா, ஹூஸ்டனிலேயே பிறந்து வளர்ந்த பெண். இரண்டு பக்கத்தையும் ஒதுக்கிவைத்துவிட்டு மஞ்சள் தாளைப் பற்றியே கேட்டாள்.

"அவரே எழுதினாரா, ஃபுல்லா? சைன் பண்ணினாரா?"

"பண்ணியிருந்தாரு. டிராப்ட்டுதானம்மா அது."

"டெக்சஸ்ல அது டிராப்ட் இல்ல அங்கிள். அதுதான் வில்."

"சாட்சி இல்லாமயா?"

"அவரே கைப்பட எழுதி சைன் பண்ணிட்டா விட்னஸே வேண்டாம். யூ டோர் அப் த வில், உயிலையே கிழிச்சுட்டீங்க."

சேனாபதி நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டார். அந்த அறையில் சுவர்க் கடிகாரம் இருந்தது. மணி மூன்று பத்து என்று பின்னால் டைரியில் எழுதினார். கோபியில் ஒரு தாளை உயிலாக்கத் தாம் செய்யும் அத்தனையும், இங்கே உயிலாகவே இருந்த ஒரு தாளைக் குப்பையாக்கிவிட்டன.

வழி இருக்கிறது என்றாள் ஷ்ரேயா. தாள் போனாலும், அதை வாசித்தவர் கோர்ட்டில் வந்து சொல்லலாம். ஆனால் உயில் எழுதியவரே கிழிக்கச் சொல்லியிருந்தால், அவரே ரத்து செய்தார் என்றாகிவிடும். "அவர் கிழிக்கச் சொன்னாரா, அங்கிள்?"

"இல்லம்மா. அவரு மோட்டார்கிட்ட இருந்தாரு. நானாத்தான் கிழிச்சேன்."

"தட்ஸ் குட். தட்ஸ் வெரி குட்."

தம் தப்பை நல்லது என்று ஒருவர் சொல்லிக் கேட்டது சேனாபதிக்கு அதுவே முதல் தடவை. வீடு போகும் வழியில் தென்றலிடம் அதை மூன்று முறை சொன்னார்.

விசாரணை 2024 ஜனவரி 23. சேனாபதி சலவைச் சட்டை போட்டு, துணிப்பையில் 2023ஆம் ஆண்டு டைரியை எடுத்துக்கொண்டு போனார். கொண்டுவரச் சொல்லி யாரும் கேட்கவில்லை. பதிவைக் கையில் வைத்துக்கொள்ளாமல் எந்த அலுவலகத்துக்கும் அவர் போனதில்லை. முதல் வரிசையில் வசந்தாமணி மடியில் கைகோத்து உட்கார்ந்திருந்தாள். மொழிபெயர்க்க ஒரு பெண்மணியை கோர்ட் நியமித்திருந்தது.

ஷ்ரேயா கேட்டதற்கெல்லாம் நிதானமாகப் பதில் சொன்னார். ஒன்பது வரியையும் சொன்னார். தாமாகவே கிழித்ததையும் சொன்னார். பிறகு கிரீஷின் வக்கீல் எழுந்தார். வயதானவர், குரலை உயர்த்தாதவர். பத்து மாதம் முன்பு ஒரே ஒருமுறை வாசித்த ஒன்பது வரி எப்படி இவ்வளவு சரியாக நினைவிருக்கிறது என்று கேட்டார்.

"அன்னைக்கு ராத்திரியே டைரில எழுதிட்டனுங்க. நேத்து மறுபடி வாசிச்சேன்." பையிலிருந்து எடுத்துக் காட்டினார். ஷ்ரேயா சட்டென்று தலை நிமிர்ந்தாள்.

"எத்தனை வருடமாக எழுதுகிறீர்கள்?"

"நாப்பத்தெட்டு வருசம் முடிஞ்சுதுங்க."

"அதில் எப்போதாவது நடக்காததை எழுதியதுண்டா?"

சேனாபதி நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒரு வரி கிடையாதுங்க."

அந்தப் பக்கத்தை வாசிக்க அனுமதி கேட்டார் வக்கீல். நீதிபதி தலையசைத்தார். மொழிபெயர்ப்பாளர் முதலில் தமிழிலும் பிறகு ஆங்கிலத்திலும் ஒவ்வொரு வரியாக வாசித்தார். செவ்வாய். அஷ்டமி. லேசான வெயில். மோட்டார் பழுது. உயிலின் சாரம். எல்லாம் சாட்சி சொன்னபடியே இருந்தது. வசந்தாமணியின் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"கட்சிக்காரர் சொற்படி டிராப்ட் கிழிக்கப்பட்டது."

அதை அந்தப் பெண்மணி ஆங்கிலத்தில் சொல்வதற்குள்ளாகவே ஷ்ரேயாவின் பேனா நின்றுவிட்டது. சேனாபதிக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. முந்தின நாள்கூட அந்தப் பக்கத்தை வாசித்தவர்தான். அந்த வரி மட்டும் அவர் கண்ணில் படவே இல்லை.

"அது வழக்கமா எழுதறதுங்க. எல்லாப் பத்திரத்துக்கும் எழுதறது. அவரு சொல்லலைங்க. அவரு வெளிய இருந்தாரு..."

"அய்யா, அன்றிரவே எழுதியதை நாங்கள் நம்புவதா, பத்து மாதம் கழித்து உங்கள் நண்பரின் வீட்டுப் பெண்ணுக்காக இங்கே சொல்வதை நம்புவதா?"

வாய்ப்பேச்சு ஒன்றும் எழுத்து இன்னொன்றுமாக இருந்தால் எது நிற்கும் என்று கோபியில் ஆயிரம் பேருக்கு அவரே சொல்லியிருக்கிறார். வசந்தாமணியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தீர்ப்பு பிப்ரவரி 6 அன்று வந்தது. உயிலை எழுதியவரே ரத்து செய்துவிட்டதாகக் கொண்டு, நிலமும் வீடும் மகனுக்கு என்றார்கள். நடைபாதையில் கிரீஷ் அருகே வந்தான். "உங்க மேல கோவம் இல்ல அங்கிள். சித்தியை எனக்கு வருஷத்துக்கு ஒரு போன் கால்தான் பழக்கம். ஏப்ரல் கடைசி வரைக்கும் இருக்கட்டும், அப்பறம் நிலத்தை வித்துடுவேன்."

டைரியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பக்கத்தின் நகலும் ஆங்கில மொழிபெயர்ப்பும், முத்திரையும் எண்ணும் பெற்று, கோர்ட் ஆவணத்தில் சேர்ந்தன.

"அந்த வரி தப்புன்னு கீழ ஒரு வரி சேத்த முடியாதாம்மா?" என்று ஷ்ரேயாவிடம் போனில் கேட்டார்.

"கேஸ் முடிஞ்சிருச்சு, அங்கிள்."

சேனாபதி எழுதியவற்றில் அமெரிக்காவில் பதிவானது அந்த ஒரு பக்கம்தான்.

ஏப்ரல் 27, சனிக்கிழமை, தென்றல் அவரை நிலத்துக்குக் கூட்டிப்போனாள். வசந்தாமணியின் இரண்டு பெட்டிகள் வாசலில் இருந்தன. ரவுண்ட் ராக்கில் தெரிந்த குடும்பம் ஒன்றில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளப் போகிறாள். சேனாபதி வரும் வழியெல்லாம் சொல்ல ஏதோ சேர்த்து வைத்திருந்தார். உள்ளே வந்ததும், "அம்மிணி, அந்த வரி..." என்று ஆரம்பித்தார்.

"விடுங்கண்ணா," என்றாள் அவள். "மாமா கேட்டிருந்தா உங்களைத்தான் முதல்ல திட்டியிருப்பாரு, அப்பறம் மோர் குடுக்கச் சொல்லியிருப்பாரு. குடியுங்க."

குடித்தார். அவள் ஒரு தாளைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். மஞ்சள் தாள். கிட்டுசாமி உயில் எழுதிய அதே தாள்கட்டிலிருந்து கிழித்தது.

"கிரீஷுக்கு எழுதியிருக்கறனுங்கண்ணா. அவனுக்கு வாசிக்க வராது, யாராச்சும் வாசிச்சுச் சொல்லுவாங்க. அடிச்சு அடிச்சு எழுதியிருக்கறேன். அதைக் கிழிச்சுட்டு உங்க கையால அழகா எழுதிக் குடுங்க."

சேனாபதி வாசித்தார். மோட்டார் சுவிட்சை இரண்டு தடவை போட வேண்டும். சாவி பின்வாசல் ஆணியில். வாழைக்கு வியாழனும் ஞாயிறும் தண்ணீர். மூன்றாம் வரிசை முருங்கை பனிக்குத் தாங்காது, நவம்பரிலேயே கம்பளி சுற்ற வேண்டும், கம்பளிகள் துவைத்து அலமாரியில் மேல்தட்டில் இருக்கின்றன. தொண்ணூற்றேழு மரம். நிலத்தை வாங்குகிறவர்களுக்கும் இதைச் சொல்லவும். இப்படிக்கு, சித்தி வசந்தாமணி.

நாலு இடத்தில் அடித்தல், இரண்டு இடத்தில் மை படர்ந்திருந்தது.

"தேதி போடு அம்மிணி," என்றார்.

போட்டாள்.

"கையெழுத்து?"

"பேரு எழுதியிருக்கறனே."

"அதுக்குக் கீழ போடு."

போட்டுவிட்டு, நல்ல பேனாவைத் தேடி அவர் சட்டைப்பையைப் பார்த்தாள். சேனாபதி பேனாவை எடுக்கவில்லை. தாளை அடித்தலோடும் மைக்கறையோடும் இரண்டாக மடித்து உறைக்குள் வைத்து, நாக்கில் தடவி ஒட்டினார்.