வெளியே வரமுடியாத நாட்காட்டி

கஜந்தினி எழுதியவை எல்லாம் மிகச் சிறிய கணினி நிரல்கள். ஒரு பொத்தானை அவசரத்தில் இரண்டு தரம் அழுத்தினாலும் விண்ணப்பம் ஒரு தரம் மட்டும் போய்ச்சேர வைப்பது ஒன்று. விரிந்து கிடக்கும் பட்டியலை, வெளியே எங்காவது தொட்டவுடன் மூடிக்கொள்ளச் செய்வது இன்னொன்று. இணையத்தளத்தைப் பாவிக்கிறவர்களுக்கு இப்படியொன்று இருப்பதே தெரியாது. பிழைத்துப்போனால்தான் தெரியும்.

அவள் பருத்தித்துறையில், கடலுக்குப் போகும் குடும்பத்தில் பிறந்தவள். இருபத்துநாலு வயதில் யாழ்ப்பாண நகரத்தில் இணையத்தளங்கள் செய்யும் ஒரு சிறிய நிறுவனத்தில் சேர்ந்தாள். அங்கே ஒவ்வொரு தளத்துக்கும் ஒவ்வொருவர் இதே சின்ன வேலைகளைப் புதிதாக எழுதிக்கொண்டிருந்தார்கள். ஐந்து பேர் எழுதியதில் ஐந்து விதமான பிழை இருந்தது.

ஒருநாள் ஒரு தனியார் மருத்துவ நிலையத்தில், வரவேற்பு மேசையில் இருந்த கேதீஸ்வரி என்பவர் திரையைக் காட்டி, தன் பெயர் ‘கே’யில் தொடங்குகிறது, இதில் ஏன் ‘க’ என்று நிற்கிறது என்று கேட்டார். பெயரின் முதலெழுத்தை எடுக்கும் நிரலை எழுதியவர் ஆங்கில எழுத்தை மனதில் வைத்து எழுதியிருந்தார். அது ‘க’வை எடுத்து இரட்டைக் கொம்பை விட்டுவிட்டது. கஜந்தினி அதைத் திருத்தினாள். திருத்தியதை அந்தத் தளத்தில் மட்டும் வைக்காமல், எல்லாத் தளமும் எடுத்துக்கொள்ளக்கூடிய ஒரு பொது இடத்தில் வைத்தாள். பிறகு மற்றவற்றையும் ஒவ்வொன்றாக அங்கே சேர்த்தாள். நான்கு வருடத்தில் முப்பத்தெட்டு நிரல்கள் சேர்ந்தன. பதினொரு தளங்கள் அவற்றை எடுத்துப் பாவித்தன. அலுவலகத்தில் அதைக் ‘கஜாவின்ரை பெட்டி’ என்றார்கள்.

எல்லாரும் ஒரே பெட்டியிலிருந்து எடுத்தால், அதில் விழும் பிழையும் எல்லாருக்கும் போகும். அது அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது.

போன வருடம் வைகாசியில் அவள் ஒரு மாற்றம் செய்தாள். திரையில் நாட்காட்டி போன்ற ஒரு சிறு சாளரம் திறந்திருக்கும்போது, விசைப்பலகையால் நகர்கிறவர் அதை விட்டுப் பின்னாலிருக்கும் பக்கத்துக்குள் போய்த் தொலைந்துபோகக்கூடாது என்பதற்கான மாற்றம். அது ஒழுங்காக வேலை செய்தது. ஆனால் அதைச் செய்கையில், மூடும் பொத்தானுக்குப் போகிற வழியும் அடைபட்டுவிட்டது. மவுஸ் வைத்திருந்தவர்கள் அதைக் கவனிக்கவில்லை. கைபேசியில் பார்த்தவர்களும் கவனிக்கவில்லை. மூன்று கிழமை, இருபத்தொரு நாள், அப்படியே போயிற்று.

பிறகு ஒரு மின்னஞ்சல் வந்தது. கோப்பாயிலிருந்து ஜெபசீலன் என்ற வரலாற்று ஆசிரியர் மருத்துவ நிலையத்துக்கு எழுதியிருந்தார். தனக்குக் கண் பார்வையில்லை என்றும், திரையிலிருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருளோடு, விசைப்பலகையால் மட்டும் தான் கணினி பாவிப்பதாகவும், மருத்துவரைச் சந்திக்கத் திகதி தெரிவுசெய்யும் நாட்காட்டிக்குள் போனால் வெளியே வரமுடியவில்லை என்றும் நான்கு வரியில் எழுதியிருந்தார். மருத்துவ நிலையம் அதை நிறுவனத்துக்கு அனுப்பிவைத்தது.

பொறுப்பாளராக இருந்த ஏர்னெஸ்டுக்கு அந்தக் கிழமை வேறு அவசரம் இருந்தது. ஒராள்தானே சொல்லியிருக்கிறார், அடுத்த மாதம் பார்ப்போம், இப்போது மரியாதையாக ஒரு பதில் போடு என்றார். கஜந்தினி பதில் போட்டாள். அதில், சனிக்கிழமை வீட்டுக்கு வந்து பார்க்கலாமா என்றும் கேட்டிருந்தாள்.

சனிக்கிழமை காலை லப்டொப்போடு பஸ்ஸில் போய் இறங்கினாள். ஜெபசீலனுக்கு நாற்பது வயதிருக்கும். மனைவி ரஞ்சினி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, தேவாலயத்தில் வேலையிருக்கிறதென்று போய்விட்டார். ஜெபசீலன் கணினியைத் திறந்தார். திரையை வாசிக்கும் அந்தக் குரலின் வேகத்துக்கு கஜந்தினிக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. அவர் வேகத்தைக் குறைத்தார்.

“இப்ப கேளுங்கோ தங்கச்சி. முப்பத்தொரு நாளும் சொல்லிப்போட்டுத் திரும்ப முதலாம் திகதிக்கு வரும்.”

அப்படித்தான் வந்தது. அவர் அதை மூன்று தரம் சுற்றிக் காட்டினார்.

அன்றைக்கு என்ன செய்தீர்கள் என்று அவள் கேட்டாள். கணினியை நிற்பாட்டித் திரும்பப் போட்டாராம். அதுவும் சரிவரவில்லை. ரஞ்சினி கொழும்புக்குப் போயிருந்தார். பக்கத்து வீட்டுப் பொன்மலரைக் கூப்பிட்டிருக்கிறார்.

“எந்த டொக்டர், என்ன வருத்தம் எண்டு அதிலை கேக்கும்தானே,” என்றார் ஜெபசீலன். “அவவுக்கு நான் அதைச் சொல்லவேண்டி வந்தது.”

கஜந்தினி தன் லப்டொப்பைத் திறந்தாள்.

“சேர், அது நான் எழுதினது.”

“ஓ. அப்ப உங்களாலை மாத்தேலும்?”

“ஓம்.”

அங்கேயே இருந்து மாற்றினாள். அரை மணித்தியாலத்துக்குள் ஜெபசீலன் நாட்காட்டிக்குள் போய், மூடிவிட்டு, வெளியே வந்தார். அதோடு அவர் விடவில்லை. அடுத்த மாதத்துக்குப் போகிற அம்புக்குறியை அந்தக் குரல் வெறும் ‘பொத்தான்’ என்று வாசித்தது. எதற்கான பொத்தான் என்று சொல்லவில்லை. இன்னும் ஐந்து குறைகள் இருந்தன. அவள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு நான்கு மணி பஸ்ஸில் திரும்பினாள்.

திங்கட்கிழமை பதினொரு தளத்துக்கும் திருத்தம் போனது. கூடவே பதினொரு வாடிக்கையாளருக்கும் ஒரு கடிதம் எழுதினாள். என்ன பிழை, எத்தனை நாள் இருந்தது, யார் பாதிக்கப்பட்டிருக்கக்கூடும் என்று அதில் இருந்தது. ஏர்னெஸ்டிடம் கேட்காமல்தான் அனுப்பினாள். இரண்டு பேர் கோபப்பட்டு அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தார்கள். ஒரு தளபாடக் கடைக்காரர் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார். யாருக்கும் தெரியாத ஒன்றை ஏன் தெரியப்படுத்தினாய் என்று ஏர்னெஸ்ட் கேட்டார்.

“ஒராளுக்குத் தெரிஞ்சிருந்தது, ஏர்னெஸ்ட் அண்ணை. மற்றாக்கள் எழுதாமல் விட்டிருப்பினம்.”

அதன்பிறகு இரண்டு கிழமை அவர் அவளோடு வேலை விஷயம் தவிர வேறொன்றும் கதைக்கவில்லை. ஆனால் ஆனி மாத முடிவில், மவுஸைக் கழற்றி வைத்துவிட்டுச் சோதித்துப் பார்க்காத எதுவும் அலுவலகத்தை விட்டுப் போகக்கூடாது என்று அவரே எல்லோருக்கும் எழுதினார். கஜந்தினியின் பெயர் அதில் இல்லை. அவளும் அதை எதிர்பார்க்கவில்லை.

அவள் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறாள். பெட்டியில் இப்போது ஐம்பதுக்கு மேல் இருக்கின்றன. எதையும் வெளியே விடுமுன் ஜெபசீலனுக்கு அனுப்புகிறாள். அவருடைய பதில்கள் இரண்டு வரியைத் தாண்டுவதில்லை. தை மாதத்தில், திகதிகளைத் தமிழில் வாசிக்கச் செய்யும் ஒன்றை எழுதி அனுப்பினாள். திகதி சரி, கிழமையின் பெயரை மட்டும் ஒருநாள் பிந்திச் சொல்லுகிறது என்று எழுதியிருந்தார். பார்த்தபோது உண்மைதான். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் திருத்தி மறுபடி அனுப்பினாள். இந்தமுறை ‘ஓம்’ என்று மட்டும் பதில் வந்தது.