அடைக்கலசாமி கட்டிய கயிறு

எங்கள் கம்ப்ரசர் டிரைவர் அடைக்கலசாமியைப் போல மெதுவான மனிதரை நான் பார்த்ததில்லை. ஏலாக்குறிச்சிக்காரர். காற்றைத் திறந்துவிடும் முன் ரப்பர் குழாயின் ஒவ்வொரு ஜாயிண்ட்டுக்கும் கம்பி சுற்றி, முறுக்கி, இழுத்துப் பார்ப்பார், ஜெபமாலை உருட்டுவது போல. கிணற்றுக்குள் பாறை துளைக்கும் டிரில்லு மிஷினைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கம்பி போதாதென்று ஒரு கயிறு வேறு. மேலே கம்ப்ரசர் வால்வின் கைப்பிடியில் ஒரு நுனியைக் கட்டி, மறு நுனியை என் கைக்கெட்டும்படி தொங்கவிடுவார். கீழே இழுத்தால் மேலே காற்று நின்றுவிடும். அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் குவாரியில், கழன்று துள்ளிய குழாயைக் கையால் பிடிக்கப் போய் அவர் தம்பி செத்துப்போனான். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் நான் அந்தக் கயிற்றை எதிர்ச் சுவருக்கு இழுத்து, ஒரு முளையில் மாட்டி, துண்டு காயப்போட்டேன்.

1948. வேப்பந்தட்டையில் பூமாலை என்பவருடைய கிணறு. நாற்பதடி போயும் பாறைதான். ஒரு வியாழக்கிழமை மாலை லேசாக ஈரம் கசிந்தது. மறுநாள் பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் தண்ணீரைப் பார்த்துவிட வேண்டுமென்று, பூமாலை காலையிலேயே வந்து வால்வுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

அடைக்கலசாமி கடைசி ஜாயிண்ட்டைக் கட்ட என்னிடம் இறங்கி வந்திருந்தார்.

"மணி பத்தாச்சுங்க!" என்று மேலேயிருந்து குரல் வந்தது.

"இது ஒண்ணுதான், இருங்க" என்றார் அடைக்கலசாமி, கம்பியைப் பல்லில் கடித்தபடி.

எனக்குப் பொறுக்கவில்லை. அண்ணாந்து, "வுடுங்க காத்த!" என்று கத்தினேன்.

பூமாலை திறந்துவிட்டார்.

ஜாயிண்ட் படாரென்று கழன்றது. குழாய் கிணறு முழுக்கச் சுழன்றடித்தது. அதன் நுனியிலிருந்த இரும்பு பாறையில் மோதி மோதிச் சில்லு பறந்தது. புத்தி கெட்டுப்போய் நான் அதைப் பிடிக்கக் கை நீட்டினேன்.

"தொடாதடா!" என்று அடைக்கலசாமி என்னைப் பாறை இடுக்கில் தள்ளினார். மேலே பார்த்துக் கத்தினார். அந்த இரைச்சலில் யாருக்குக் கேட்கும்? பூமாலை வால்வை விட்டுவிட்டு ஓடிவந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடைக்கலசாமி கயிற்றைத் தேடினார். அது இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. எதிர்ச் சுவரில் என் துண்டோடு தொங்கியது. நடுவே குழாய். ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தார். வாய் திறந்து திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ தேவலை.

குனிந்து ஓடினார். இரண்டாவது எட்டிலேயே இரும்பு முழங்காலைப் பதம் பார்த்தது. விழுந்தவர் தவழ்ந்துபோய், துண்டோடு சேர்த்துக் கயிற்றைப் பிடித்து இழுத்தார். காற்று நின்றது. குழாய் தொப்பென்று விழுந்தது.

பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி கட்டினார்கள். பூமாலை வண்டியோரம் வந்து நின்றார். "உள்ளேருந்து வுடச் சொன்னாப்புலதான் தொறந்தேன். நீங்கதானே டிரைவரே சொன்னீங்க?"

கிணற்றுக்குள்ளிருந்து வந்தால் எல்லார் குரலும் ஒரே மாதிரிதான் கேட்கும். அடைக்கலசாமி என்னைப் பார்த்தார். நான் சொல்வேன் என்று காத்திருந்தார். நான் குனிந்து வண்டியில் வைக்கோலைச் சரிசெய்தேன்.

"ஆமாங்க, நான்தான் சொன்னேன்" என்றார்.

கம்பி கட்டாமல் காற்று விடச் சொன்ன டிரைவர் வேண்டாமென்று கான்ட்ராக்டர் அவரை நீக்கினார். அந்த வேலை எனக்கு வந்தது. ஏலாக்குறிச்சிக்குப் போய் அவரிடம் சொன்னேன்.

"காலே போச்சு, வேலய வச்சு நான் என்ன பண்ணப் போறேன்?" என்றார். "நீ கயித்த மட்டும் எடம் மாத்தாத."

பத்து வருஷத்துக்கு முன் அவர் போய்ச் சேர்ந்தார். இன்றைக்கும் எங்கள் ஆட்கள் புதுப் பையன்களிடம், "அடைக்கலசாமின்னு ஒருத்தர், அவசரப்பட்டு காலப் போக்கிக்கிட்டாரு" என்று சொல்கிறார்கள். பக்கத்தில் நின்று கம்பி முறுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அவசரப்பட்டவன் அரியமுத்து. நான்தான்.