சின்னக் கதவு

அந்த அரண்மனைக் குடும்பத்துக்கென்று ஒரு சட்டம் உண்டு. அந்தஸ்துக் குறைந்த இடத்தில் கல்யாணம் செய்துகொண்ட வாரிசுக்குச் சொத்தும் கிடையாது, பெரிய வாசலும் கிடையாது. எழுதிய புண்ணியவான் எப்போதோ போய்ச் சேர்ந்தாலும், வாசல்காரர் அதை அட்சரம் பிசகாமல் காத்தார்.

தச்சரைக் கட்டிக்கொண்ட மூத்த மகள், அப்பாவின் சாவுக்கு வந்தாள். வேலைக்காரர்கள் புழங்கும் நெஞ்சுயரக் கதவை வாசல்காரர் காட்டினார்.

“நீங்க குனிஞ்சு போறதப் பாக்கவே வெக்கமா இருக்கும்மா.”

“அண்ணி தினமும் உங்களுக்குச் சோறு கொண்டுவர்ற வழிதானேண்ணே” என்றபடி அவள் நுழைந்தாள்.

மதியம் தூக்குச்சட்டியோடு மனைவி வந்தபோது, அவர் ஓடிப்போய் நிலைக்கட்டையில் அவள் தலை இடிக்காமல் கையை வைத்தார்.

“என்னங்க புதுசா? எனக்குத்தான் முதுகு பழகிப்போச்சே” என்றாள் அவள்.